மான்ஸ்டெரா வளர்ப்பு: மரமேறும் கொடியைத் தொட்டியில் பழக்குவது எப்படி?

வீட்டுக்குள் வைக்க முதன்முதலாக ஒரு செடி வாங்க நினைப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் மான்ஸ்டெரா டெலிசியோசா. ஓட்டை விழுந்த, ஓரம் கிழிந்தாற்போன்ற அந்தப் பெரிய இலைகளைப் பலரும் படத்திலாவது பார்த்திருப்பார்கள். தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள மழைக்காடுகள் இதன் தாயகம். அங்கே இது மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும் கொடி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மண், வெளிச்சம், தண்ணீர், பற்றி ஏற ஊன்றும் கம்பு எல்லாவற்றுக்கும் விடை தானாகவே கிடைத்துவிடும்.

முதலில் இடம்

‘இது நிழல் செடி, எந்த மூலையில் வைத்தாலும் வளரும்’ என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். இருட்டு மூலையில் இது உடனே சாகாது, ஆனால் வளரவும் வளராது. மான்ஸ்டெரா இனம் ஒன்றின் நாற்றுகள் தரையில் ஊரும்போது இருண்ட பக்கத்தை நோக்கியே செல்வதாக 1975இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இருள் தெரியும் திசையில்தான் பெரிய மரம் நிற்கும் என்பதே அதற்குக் காரணம். மரத்தைத் தொட்டுவிட்டால் பிறகு பயணமெல்லாம் வெளிச்சத்தை நோக்கித்தான்.

ஆகவே நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு அருகில், ஒரு மீட்டருக்குள் வையுங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னலின் காலை வெயில் நல்லது. உச்சி வெயில் நேராக விழுந்தால் இலை வெளுத்துக் கருகும். மெல்லிய திரை ஒன்று போட்டால் போதும். செடி இருக்குமிடத்தில் நண்பகலில் கையை நீட்டிப் பாருங்கள். ஓரம் மங்கலாக, ஆனால் விரல்கள் தெரியும்படி நிழல் விழுந்தால் அந்த இடம் பொருத்தம். நிழலே விழவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள்.

மண் கலவை

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். இதன் வேர்களுக்கு ஈரத்தோடு காற்றும் தேவை. வெறும் தோட்டத்து மண்ணைப் போட்டால் ஓரிரு மாதங்களில் அது இறுகிவிடும். தண்ணீர் தேங்கும், வேர் மூச்சுத் திணறி அழுகும். நான் பரிந்துரைக்கும் கலவை இது: தென்னை நார்க்கழிவு 2 பங்கு, பெர்லைட் (எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரித்த, எடை குறைந்த வெள்ளைத் துணுக்குகள்) 1 பங்கு, மரப்பட்டைத் துண்டுகள் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள்.

கலவையை ஈரமாக்கி ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரல்களைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர வேண்டும். கொழுக்கட்டைபோல் பிடித்த வடிவிலேயே நின்றால் பெர்லைட்டும் பட்டையும் இன்னும் சேருங்கள்.

தொட்டியின் அடியில் துளை கட்டாயம். வேர்த்தொகுதியைவிடச் சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. மட்டும் இடம் இருக்கட்டும். ‘எப்படியும் வளரத்தானே போகிறது’ என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

கம்பு நடுதல்

செடியை நடும்போதே கம்பையும் ஊன்றுங்கள். பின்னால் ஊன்றினால் வேர் அறுபடும். தேங்காய் நார் சுற்றிய கம்போ, பாசி அடைத்த கம்போ எதுவானாலும் சரி. தண்டை உற்றுப் பாருங்கள்: ஒரு பக்கம் இலைக்காம்புகள் விரிந்திருக்கும், மறுபக்கம் கணுக்களிலிருந்து பழுப்பு நிறக் காற்றுவேர்கள் முளைத்திருக்கும். அந்த வேர்ப் பக்கம் கம்பை ஒட்டியிருக்க வேண்டும். கயிற்றைத் தண்டில் மட்டும் தளர்வாகக் கட்டுங்கள். இலைக்காம்பைக் கட்டக் கூடாது. வெளிச்சத்துக்கேற்பத் திரும்ப அதற்குச் சுதந்திரம் வேண்டும். காற்றுவேர்களை அழகு கெடுகிறது என்று வெட்டாதீர்கள். கம்பின் நாரை அவ்வப்போது நனைத்து வந்தால் அவை அதில் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு வரும் இலைகள் பெரிதாவதை நீங்களே பார்ப்பீர்கள்.

தண்ணீர்

‘வாரம் ஒரு முறை’ போன்ற கணக்கு வேண்டாம். விரலை 4, 5 செ.மீ. ஆழம் மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். காலையில் இலை நுனியில் நீர்த்துளி தொங்கினால் பயப்பட வேண்டாம். வேர் உறிஞ்சிய உபரி நீரைச் செடி அப்படி வெளியேற்றுவது இயல்பு.

அடியிலைகள் மளமளவென்று மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் மிகுந்துவிட்டது என்று பொருள். செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். கறுத்துக் குழைந்து நாற்றமடிக்கும் வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். ஓரங்கள் மொறுமொறுப்பாகக் காய்ந்தால் பெரும்பாலும் தண்ணீர் போதாமை அல்லது வறண்ட காற்று.

ஓட்டை எப்போது விழும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. இளஞ்செடியின் இலை இதய வடிவில் முழுதாகத்தான் இருக்கும். இலை மொட்டுக்குள் மிகச் சிறிதாக இருக்கும்போதே குறிப்பிட்ட இடங்களில் செல்கள் தாமாக மடிவதால் ஓட்டைகள் உருவாகின்றன. எனவே ஓட்டையில்லாமல் விரிந்த இலையில் பின்னால் ஓட்டை விழாது. அடுத்தடுத்த இலைகளுக்காகத்தான் காத்திருக்க வேண்டும். வெளிச்சமும் ஏறுவதற்குக் கம்பும் கொடுங்கள். சுருண்டு வரும் தளிரைக் கையால் பிரித்துவிடாதீர்கள், கிழிந்துவிடும்.

மற்றவை

18 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதற்கு உகந்தது; 10 டிகிரிக்குக் கீழே தாங்காது. வளரும் பருவத்தில் மாதம் ஒரு முறை திரவ உரத்தை அதன் உறையில் குறிப்பிட்ட அளவில் பாதியாகக் கரைத்து ஊற்றலாம். இலைகளை ஈரத்துணியால் துடைக்கும்போது அடிப்பக்கத்தையும் பாருங்கள். மாவுப்பூச்சி, இலைப்பேன், சிவப்புச் சிலந்தி ஆகியவை அங்கேதான் ஒளிந்திருக்கும். தொடக்கத்திலேயே கண்டால் சோப்புக் கரைசலில் துடைத்து, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும்.

சேம்புக் குடும்பத்துச் செடி என்பதால் இதன் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின், கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். குழந்தை, பூனை, நாய் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

புதுச் செடி எடுத்தல்

செடி நன்றாக வளர்ந்த பிறகு, காற்றுவேருள்ள ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே தண்டை வெட்டுங்கள். கணு இல்லாமல் இலையும் காம்பும் மட்டும் இருந்தால் வேர் விட்டாலும் செடியாகாது. கணு மூழ்கும்படி தண்ணீரில் நிறுத்தி, வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். வேர் 5 முதல் 8 செ.மீ. நீண்டதும் மேலே சொன்ன கலவையில் நடலாம். தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழக நாளாகும் என்பதால், முதல் இரண்டு வாரம் மட்டும் கலவை முழுக்கக் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.