நெட் விட்டு விட்டு வருகிறதா? ரவுட்டரைத் தொடுவதற்கு முன் மணியைப் பாருங்கள்

போன மே மாதம் எதிர்வீட்டு அக்கா வேலூரில் எங்கள் சத்துவாச்சாரிப் பகுதியில் பாதிப் பேருக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "இன்னா தம்பி, நெட்டு வந்து வந்து பூடுது. நாலு தபா கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டேன். வர்றவரு பாத்துட்டு நல்லாத்தானே கீதுன்றாரு. அவரு வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள மறுபடியும் கட்டு."

"எத்தனை மணிக்குக்கா போகுது?" என்று கேட்டேன். தெரியவில்லை. இப்படி என்னிடம் வருகிறவர்கள் யாருக்குமே அது தெரிந்திருப்பதில்லை.

அடியோடு நின்றுபோன நெட்டைச் சரிசெய்வது சுலபம். லைன்மேன் வரும்போதும் அது நின்றேதான் கிடக்கும். விட்டு விட்டு வருவது வேறு ரகம். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காணாமல் போகிற பல்வலி மாதிரி, ஆள் வந்தால் ஒளிந்துகொள்ளும். அதனால் நோட்டும் பேனாவும்தான் முதல் கருவி.

படி 1: மூன்று நாள் நோட்டு

ஒவ்வொரு முறை நெட் போகும்போதும் நான்கு விஷயம் எழுதுங்கள். மணி என்ன? ரவுட்டரில் எந்த விளக்கு மாறியது? வீட்டில் எல்லாருக்கும் போனதா, ஒரு போனில் மட்டுமா? அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன நடந்தது? மோட்டார் போட்டது, கரண்ட் வந்து போனது, காற்று அடித்தது, எதுவானாலும் சரி.

மூன்று நாள் முடிந்ததும் அக்காவின் நோட்டில் இருந்தது: முதல் நாள் காலை 6.10, மதியம் 2.30, 3.15. மறுநாள் 6.05, 2.45. அதற்கடுத்த நாள் 6.10, 3.00. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவர் வீட்டில் கோளாறு ஒன்றல்ல, இரண்டு. லைன்மேன் வந்ததெல்லாம் காலை பதினொரு மணிக்கு!

படி 2: விளக்குகள்

ஃபைபர் இணைப்பென்றால் பெட்டியில் பவர், பான், லாஸ், இன்டர்நெட், வைஃபை என்று விளக்குகள் இருக்கும். 'லாஸ்' சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். நீங்கள் வீட்டுக்குள் என்ன செய்தாலும் பயனில்லை, நேராகப் படி 6. 'பான்' நிற்காமல் சிமிட்டினால், ஒளி வருகிறது, ஆனால் உங்கள் பெட்டி கம்பெனி இயந்திரத்தோடு இன்னும் கைகுலுக்கவில்லை. எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக வந்தால், அது நெட் போனதே அல்ல, பெட்டி அணைந்து மறுபடி பிறந்திருக்கிறது. அதற்குப் படி 4.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற சின்ன ஓட்டை இருக்கும். அதைக் குத்தாதீர்கள். சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு, அந்த ஓட்டையைக் குத்துவது வேறு. குத்தினால் கம்பெனிக்காரர் உள்ளே எழுதிவைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். என் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சேஃப்டி பின்னோடு உட்கார்ந்தார். புதன்கிழமைதான் நெட் வந்தது.

படி 3: இரண்டு பிங்

பிங் என்றால் ஒரு முகவரியை 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று பிரித்துக் காட்ட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டை இரண்டு முறை திறந்து, இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் ஜன்னலில் பிங் என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தட்டி, இடம் விட்டு உங்கள் ரவுட்டரின் முகவரி, மறுபடி இடம் விட்டு ஒரு சிறு கோடும் அதை ஒட்டி டி எழுத்தும். ரவுட்டர் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். இரண்டாவது ஜன்னலில் அதேபோல், ஆனால் முகவரி 8.8.8.8. இது கூகுளின் பொதுச் சேவை எண்.

இரண்டும் வரிவரியாக ஓடிக்கொண்டே இருக்கும். நெட் போகும்போது எட்டிப் பாருங்கள். இரண்டிலுமே 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' வந்தால், உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் சிக்கல்: வைஃபை, இல்லை ரவுட்டரே. முதல் ஜன்னல் நிம்மதியாக ஓட, இரண்டாவது மட்டும் நின்றால் சிக்கல் வெளியே. இரண்டும் ஓடுகிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் மக்கர் செய்கிறது, அதை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

முடிந்தால் இந்தச் சோதனையை லேன் கேபிள் சொருகிச் செய்யுங்கள். கேபிளில் முதல் ஜன்னல் ஒருமுறைகூட நிற்காமல், வைஃபையில் மட்டும் நின்றால் லைன்மேனைக் கூப்பிட வேண்டியதே இல்லை.

படி 4: கரண்ட்

அக்காவின் 6.10க்கு வருவோம். காலையில் எழுந்ததும் அவர் செய்கிற முதல் வேலை தண்ணீர் மோட்டார் போடுவது. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடி கரண்டை அள்ளி இழுக்கும், வீட்டில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். ட்யூப்லைட் ஒரு துடிப்புத் துடிக்கும், பார்த்திருப்பீர்கள். நல்ல அடாப்டர் இதைத் தாங்கிவிடும். வருஷக்கணக்கில் சூட்டிலேயே கிடந்த அடாப்டர் தாங்காது, பெட்டி அணைந்து எழும்.

அடாப்டர் மாற்றும்போது பெட்டியில் என்ன வோல்ட் போட்டிருக்கிறதோ அதே வோல்ட் வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஆம்பியர் அதேயளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. அடாப்டரின் முனை பெட்டியில் ஆடாமல் உட்கார வேண்டும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ. நார்மலில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளி கொஞ்சம் நீளம். மின்விசிறிக்கு அது தெரியாது, ரவுட்டருக்குத் தெரியும். யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கென்றே விற்கிற மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிவிட்டால் போதும்.

படி 5: வேலூர் வெயில்

மதியம் இரண்டரை மணிக் கோளாறை நான் முதலில் லைன் கோளாறு என்றுதான் நினைத்தேன். தொட்டுப் பார்த்தபோது பெட்டி தோசைக்கல் மாதிரி இருந்தது. மேற்குச் சுவரை ஒட்டிய டிவி அலமாரி, கண்ணாடிக் கதவு, உள்ளே செட்டாப் பாக்ஸ், அதன் தலைமேல் ரவுட்டர், அதற்கும் மேலே தூசி படாமல் இருக்க ஒரு பூப்போட்ட துணி. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் எழுதியிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் வெளியிலேயே 40ஐத் தாண்டுகிறது, மூடிய அலமாரிக்குள் கேட்க வேண்டுமா? மொட்டைமாடி ஷீட் ரூமில் ரவுட்டர் வைத்திருப்பவர்கள் கதை இன்னும் மோசம்.

சோதிக்கக் காசு செலவில்லை. ஒரு மதியம் முழுக்க டேபிள் ஃபேனைப் பெட்டியின் பக்கம் திருப்பி வையுங்கள். அன்று மட்டும் நெட் போகவில்லையென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். அக்கா துணியை எடுக்க மட்டும் மனமில்லாமல் நின்றார். கடைசியில் அது டிவிக்குப் போனது, ரவுட்டர் உள்சுவரில் ஆணி அடித்துத் தொங்குகிறது.

படி 6: ஃபைபர் கயிறு

உள்ளே ஓடுவது தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழை. கதவிடுக்கில் நசுங்கினாலோ, மூலையில் செங்கோணமாக மடிந்தாலோ ஒளி கசிந்துவிடும். வளைவு சாத்துக்குடி அளவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிற கேபிள் ஆடிக் காற்றில் ஊஞ்சலாடும்போது மட்டும் நெட் போகிறதென்றால், கிளாம்ப் அருகிலோ மாடி விளிம்பிலோ அது உரசுகிறது. அணிலும் கடிக்கும்.

ரவுட்டரின் முகவரியைப் பிரவுசரில் தட்டினால் திறக்கிற பக்கத்தில், ஆப்டிகல் தகவல் என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் என்றொரு எண் இருக்கும், மைனஸில். பெட்டிக்கு வந்து சேருகிற ஒளியின் அளவு அது. -15, -20 என்றால் நலம். வீட்டுப் பெட்டிகள் பொதுவாக -27 வரை தாங்கும். அந்த விளிம்பில் இருந்தால் லேசான ஆட்டத்துக்கே அறுந்துவிடும். 3 இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. காற்றில்லாத நேரத்தில் ஒருமுறை, காற்றடிக்கும்போது ஒருமுறை எழுதி வையுங்கள்.

இணைப்பைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணால் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

படி 7: வைஃபை

சுருக்கமாகவே சொல்கிறேன். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். காட்பாடிப் பக்கம் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் குடியிருப்புகளில் சுவருக்குச் சுவர் வைஃபை, அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனலை 1, 6, 11 இவற்றில் எதில் நெரிசல் குறைவோ அதற்கு மாற்றுங்கள். ரவுட்டர் இருக்கிற அதே அறையென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேருங்கள்.

படி 8: புகார்

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "நெட் சரியில்லை" என்று சொன்னால் அவர் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். "மூன்று நாளாகக் காற்றடிக்கும்போது லாஸ் சிவப்பாகிறது, ஆர்எக்ஸ் பவர் -21லிருந்து -28க்கு இறங்குகிறது, ரவுட்டர் பிங் நிற்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், குரலே மாறும். டாக்கெட் எண்ணை, அதாவது புகாரின் பதிவு எண்ணை, கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிகளின்படி அது உங்கள் உரிமை, கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போவதென்றாலும் அந்த எண் வேண்டும். காற்று அடிக்கிற நேரத்திலேயே லைன்மேனை வரச் சொல்லுங்கள்.