அணைக்குக் கீழே நத்தை தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

இந்தக் கோடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் தங்கள் அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினார்கள். முதல் பத்தியின் தலைப்பைப் பார்த்ததுமே எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பிவிட்டது: 'தினசரிச் சராசரி நீர் வெளியேற்றம்'. பல வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே பத்தி.

சீட்டில் தேதி எழுதாமல் விடுவது, பாசிக் கல்லில் வழுக்கி விழுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. நாலு நாள் ஆற்றில் நனைந்தால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

சராசரியை நம்புவது

முதலில் நத்தையைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓடும் கூசா ஆற்றில் டுலோடோமா என்று ஒரு நத்தை இருக்கிறது. ஓட்டின் மேல் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். முட்டையிடாது, குஞ்சாகவே ஈனும். நம் ஊர்க் குளங்களில் இருக்கும், குஞ்சு ஈனும் நத்தைகள் சிலவும் இதே குடும்பம்தான். ஆனால் டுலோடோமாவுக்குக் குளம் ஆகாது. ஓடுகிற தண்ணீரும் பெரிய கல்லும் அந்தக் கல்லுக்கடியில் ஒண்ட இடமும் வேண்டும்.

கூசாவில் 1914-இல் லே அணை, 1920-களில் மிட்செல், ஜோர்டன் அணைகள் என்று வரிசையாகக் கட்டி, ஆற்றை ஏரிகளின் சங்கிலியாக்கிவிட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நத்தை இனங்கள் அதோடு அற்றுப்போயின. 1967-இல் பௌல்டின் அணை வந்தபோது ஜோர்டன் தேக்கத்துத் தண்ணீரில் பெரும் பங்கு கால்வாய் வழியே அங்கே போனது. ஜோர்டனுக்குக் கீழே, வெட்டம்ப்கா ஊர்ப் பக்கம் பாறைகளுக்கிடையே மிஞ்சியிருந்த டுலோடோமா 1991-இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அமெரிக்க அரசின் பட்டியலில் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில், எந்நேரமும் குறைந்தபட்சம் இவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று ஏற்பாடானது. அப்புறம் நத்தை பெருகியது. 2011-இல் பட்டியலில் ஒரு படி இறக்கி, ஆபத்து குறைந்த பிரிவில் வைத்தார்கள்.

இதில் 'எந்நேரமும்' என்ற சொல்லைத்தான் நான் அன்று கவனிக்கவில்லை.

வேறொரு ஆற்றில், பெயர் வேண்டாம், ஓர் அணைக்குக் கீழே கூண்டுகளில் நத்தைகளை வைத்து வளர்ச்சியைப் பார்க்கும் வேலை எனக்கு. அரிய இனத்தை விடுவதற்கு முன் அந்த இடம் தாங்குமா என்று பார்க்க, ஏராளமாகக் கிடைக்கும் ஆற்று நத்தையை வைத்திருந்தோம். நல்ல வேளை. தினசரிச் சராசரியைப் பார்த்தேன், தாராளமாக இருந்தது. கரையோரக் கற்களுக்கிடையே கூண்டுகளைக் கட்டினேன்.

கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். டர்பைன் எட்டு மணி நேரம் ஓடுகிறது, வினாடிக்கு 6,000 கனஅடி. மீதிப் பதினாறு மணி நேரம் வெறும் கசிவு. சராசரி 2,000 கனஅடி. தாளில் அழகான ஆறு. ஆனால் அந்த 2,000 கனஅடி ஒரு நிமிடம்கூட அங்கே ஓடவில்லை! மின்சாரம் எப்போது தேவையோ அப்போது ஓடுகிற ஆறு அது. மீனாவது தண்ணீரோடு உள்ளே நகரும். நத்தை மூடியைச் சாத்திக்கொண்டு கல்லிலேயே கிடக்கும். கொஞ்ச நேரம் தாங்கும். ஜூலை வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்?

எங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்கிறீர்களா? படகை இறக்கத் தண்ணீர் வேண்டும். அதனால் டர்பைன் ஓடும் நேரம் பார்த்துத்தான் போவோம். அதிலும் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை செய்வோம். அந்த அணையும் அப்படித்தான். சனி, ஞாயிறில் மின்தேவை குறைவு. ஒரு திங்கட்கிழமை தூக்கம் வராமல் விடியும் முன்னே போய் நின்றேன். ஆறு கரையிலிருந்து நாற்பது அடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. கூண்டுகள் காய்ந்த பாறை மேல், துணி காயப்போட்ட மாதிரி இருந்தன. திறந்து பார்த்தபோது வந்த நாற்றத்தை எழுத மாட்டேன். ஒரு பருவத்து உழைப்பும் பணமும் போயிற்று.

இத்தனைக்கும் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் பெரும்பாலான அளவுமானிகள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு தருகின்றன. இலவசம். நான் வசதிக்காகச் சராசரியை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீங்கள் ஒரு நாளின் மிகக் குறைந்த அளவையும் அது எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதையும் எடுங்கள். மட்டம் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதும் வேண்டும்.

தண்ணீர் வந்தால் போதும் என்பது

போதாது. கோடையில் ஆழமான தேக்கத்தில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் தனித்தனியே நிற்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மதகு கீழே இருந்தால் அந்தத் தண்ணீர்தான் வெளியே வரும். டுலோடோமா செவுளால் மூச்சுவிடுகிறது. ஜோர்டன் அணையில் டர்பைன் வழியே போகிற நீரில் காற்றைக் கலக்க ஏற்பாடு செய்தது இதற்காகத்தான். ஆக்சிஜன் மானியை விடியற்காலையிலும் இறக்குங்கள், மதியம் மட்டும் போதாது.

கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விடுவது

இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

'இல்லை' என்று எழுதிவிடுவது

கூசாவுக்குப் பக்கத்திலுள்ள கஹாபா ஆற்றில் ஒரு சின்னப் பாறை நத்தை, லெப்டாக்சிஸ் கம்பாக்டா, 2000-இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் ஓர் ஆய்வு மாணவர் அதை உயிரோடு கண்டுபிடித்தார். 'காணவில்லை' என்று எழுதுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை கல் பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

அணைக்காரர்களிடம் பேசாமல் இருப்பது

கூண்டுகள் போன பிறகுதான் கட்டுப்பாட்டு அறைக்கு முதல் தடவை போன் செய்தேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாராவாரம் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு டர்பைனை நிறுத்துவோம், திங்கள் காலை ஒன்பதுக்குத்தான் போடுவோம் என்றார். ஏன் இதை யாரும் சொல்லவில்லை என்றேன்.

"யாரும் கேட்கவில்லையே" என்றார்.