தொலைக்காட்சிப் பொதுவிவகார நிகழ்ச்சிக்கு நேயர் கடிதம் எழுதுவது எப்படி: மூன்றாவது தடவைதான் எனக்குச் சரிவந்தது

எங்கள் ஒழுங்கையில் கார்த்திகை மழைக்குத் தண்ணீர் நின்றால் இலேசில் வடியாது. ஒழுங்கையின் முடிவில் ஒரு ஆரம்பப் பாடசாலை. பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சீருடையை மடித்துக்கொண்டு நடப்பார்கள். உரிய கந்தோருக்கு நாலு தடவை போய்ச் சொன்னோம். "பார்ப்பம்" என்றார்கள். அதற்குப் பிறகுதான் கொழும்பில் இருந்து ஒளிபரப்பாகும் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் பொதுவிவகார நிகழ்ச்சிக்கு எழுதினேன். முதல் கடிதத்துக்கு ஒரு அசைவும் இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கடிதத்தை ஒரு ஞாயிறு இரவு வாசித்தார்கள். அந்த இரண்டும் ஏன் போகவில்லை, மூன்றாவது ஏன் போனது என்பதை எழுதினால் இன்னொருவருக்கு இரண்டு மாதம் மிச்சம். அதற்காகத்தான் இது.

1. யாருடைய பொறுப்பு என்று முதலில் அறியுங்கள்

"அதிகாரிகள் கவனிப்பார்களா?" என்று முடியும் கடிதத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்த அதிகாரி என்று கடிதமே சொல்ல வேண்டும். வீதி என்றால் கணக்கு இதுதான்: ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, மிச்ச ஒழுங்கைகளும் உள்வீதிகளும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளுக்கு. எங்களுடையது பிரதேச சபையின் ஒழுங்கை. இது தெரியாமல் ஒரு மாதம் வேறு கந்தோர் வாசலில் நின்றிருக்கிறோம்.

அடுத்தது ஆதாரம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குப் பெரிய துணை. கேள்வியைத் தமிழில் எழுதி, அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இந்த வாய்க்கால் கடைசியாக எந்தத் திகதியில் துப்புரவு செய்யப்பட்டது?" அப்படிச் செய்ததற்குப் பதிவு இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது. எங்களிடம் இருந்த எல்லாப் புகைப்படங்களையும் விட அந்த ஒற்றை வரிக்குப் பலம் அதிகம்.

2. நிகழ்ச்சியை இரண்டு கிழமை பாருங்கள்

எழுதுவதற்கு முன் பாருங்கள். கடிதத்தை வாசிப்பவர் யார், எவ்வளவு நேரம் வாசிக்கிறார், விருந்தினரிடம் அதைக் கேள்வியாகப் போடுகிறாரா என்று கவனியுங்கள். நான் பார்த்த நிகழ்ச்சியில் ஒரு கடிதத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. என் முதல் கடிதம் நாலு பக்கம்.

கனடாவில் இருக்கும் என் மச்சான் அமெரிக்காவின் சி-ஸ்பான் பார்க்கிறவர். 1979 மார்ச்சில், பிரதிநிதிகள் சபையை நேரடியாகக் காட்டத் தொடங்கிய பொதுவிவகார வலையமைப்பு அது. அரசாங்கப் பணம் இல்லாமல், கேபிள் நிறுவனங்கள் கொடுக்கும் கட்டணத்தில் நடந்து வந்தது. 1980இல் இருந்தே நேயர்களின் அழைப்பை நேரடியாக எடுக்கிறார்கள். அழைப்பவரை இடையில் வெட்டி வாதாடாமல் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அங்கே உண்டு என்று மச்சான் சொல்வார். எனக்கு அதில் பிடித்தது இன்னொரு விதி: ஒருவர் 30 நாளுக்கு ஒரு தடவைதான் அழைக்கலாம். மற்றவர்களுக்கும் இடம் வேண்டும் அல்லவா? எங்கள் ஊரில் அப்படி ஒரு விதி இல்லை. ஆனாலும் நான் அதைக் கடைப்பிடிக்கிறேன். கிழமைக்கு ஒரு கடிதம் அனுப்புகிறவரின் பெயரைப் பார்த்தவுடனேயே கடிதத்தை ஒதுக்கி வைக்கும் நிலை வந்துவிடக் கூடாது.

3. காதுக்கு எழுதுங்கள்

பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தை வாசகர் திரும்பப் படிக்கலாம். தொலைக்காட்சியில் ஒரே தடவைதான் காதில் விழும். அதனால் வசனம் குறுகியதாக இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வசனத்தை உடையுங்கள். கைபேசியில் நேரம் வைத்துப் பாருங்கள். 120 சொற்களை நான் நிதானமாக வாசித்தபோது ஒரு நிமிடம் தாண்டிவிட்டது. அதனால் 60 சொற்கள் அளவோடு நிறுத்தினேன். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் மட்டும். தெருவிளக்கு, குப்பை, கட்டாக்காலி மாடு எல்லாம் அடுத்தடுத்த கடிதத்துக்கு.

வாசிக்கப்பட்ட கடிதம் இதுதான்:

"வணக்கம். நான் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் கடந்த கார்த்திகையில் 13 நாட்கள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒழுங்கையின் முடிவில் ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. வாய்க்கால் மண் மூடிக் கிடப்பதே காரணம். அதைத் துப்புரவு செய்ய வேண்டியது பிரதேச சபை. கடைசியாக எப்போது செய்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டோம். அப்படிச் செய்ததற்குப் பதிவு இல்லை என்று எழுத்தில் பதில் தந்தார்கள். அடுத்த மழைக்கு முன் துப்புரவு செய்ய ஒரு திகதி சொல்வார்களா?"

கடைசி வரியைப் பாருங்கள். திகதி கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒன்றில் திகதி சொல்ல வேண்டும், இல்லையென்றால் சொல்ல முடியாது என்று சொல்ல வேண்டும். இரண்டும் எங்களுக்குப் பயன்தான்.

ஆட்களின் பெயரை எழுதாதீர்கள். பதவியை எழுதுங்கள். பெயர் வந்தால் நிலையம் சட்டச் சிக்கலுக்குப் பயந்து கடிதத்தையே விட்டுவிடும். அதோடு நாளைக்கு அதே ஆளிடம்தான் நீங்கள் ஒரு கையொப்பத்துக்குப் போக வேண்டி வரும்.

4. எழுத்துரு: நான் விழுந்த இடம்

தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

இரண்டாவது கடிதம் சின்னதுதான், நன்றாகவும் இருந்தது. சந்தியில் இருக்கும் தட்டச்சுக் கடையில் கொடுத்து அடித்து, வேர்ட் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினேன். ஐந்து கிழமை கழித்து நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே வேலை செய்யும் ஒரு தங்கச்சி தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, உங்கட மெயில் வந்திருக்கு. ஆனா வாசிக்க ஏலாமல் கிடக்கு. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாத் தெரியுது."

காரணம் பாமினி என்ற பழைய எழுத்துரு. எங்கள் பக்கம் கல்யாண அழைப்பிதழ், அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவு மலர், கோயில் துண்டுப்பிரசுரம் என்று அச்சுக்குப் போகிற பெரும்பாலானவை இன்றும் பாமினியில்தான் அடிக்கப்படுகின்றன. அச்சில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் பாமினியில் உள்ளே சேமிக்கப்படுவது தமிழ் எழுத்தே அல்ல. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் சேமிக்கப்படும், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும். மற்றவருடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அந்த உருவம் கழன்றுவிடும். 'தமிழ்' என்ற சொல்லின் கடைசிப் புள்ளி அங்கே ஒரு அரைப்புள்ளியாக நிற்கும். ஒரு கடிதத்தில் நிறைய அரைப்புள்ளி தெரிந்தால் அது பாமினி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தீர்வு யூனிக்கோட், தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் பொதுமுறை. ஏற்கெனவே பாமினியில் அடித்துவிட்டீர்கள் என்றால், பாமினியில் இருந்து யூனிக்கோடுக்கு மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் இலவசமாக உண்டு. ஒட்டினால் மாற்றித் தரும். மாற்றியபின் இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள். பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்பார்கள். மாற்றித் தரும் பக்கம் சரியில்லை என்றால் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும். மற்றது, இடையில் ஆங்கிலத்தில் எழுதிய எதுவும். என் மின்னஞ்சல் முகவரியையும் தமிழ் என்று நினைத்து மாற்றி, பொருளில்லாத எழுத்துக் கோவையாக்கிவிட்டது. முகவரியைக் கடைசியில் கையால் அடியுங்கள்.

சோதனை மிகச் சுலபம். கடிதத்தை நகலெடுத்து உங்கள் வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புங்கள். கைபேசியில் தமிழாகத் தெரிந்தால் கொழும்பிலும் தமிழாகத் தெரியும்.

பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும், உண்மை. ஆனால் நிலையத்தில் இருப்பவர் கடிதத்தை நகலெடுத்துத் தன் எழுத்துப்படியில் ஒட்ட வேண்டும். பாமினி பிடிஎஃப்பில் இருந்து நகலெடுத்தால் பழையபடி அரைப்புள்ளிதான் வரும். மின்னஞ்சலின் உடலிலேயே கடிதத்தை ஒட்டுவதுதான் என் முறை. இணைப்பைத் திறக்கும் வேலையும் அவர்களுக்கு இல்லை.

கருவிகளில் என் தெரிவு: பாமினி விசைப்பலகையில் கை பழகியவர்கள் கணினியில் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போடுங்கள். விரல்கள் பழைய இடத்திலேயே போகும், வெளியே வருவது யூனிக்கோட். கைபேசிக்குச் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலி. ஜிபோர்டும் நல்லதுதான், ஆனால் எனக்குச் செல்லினத்தில் கை வேகமாக ஓடுகிறது.

5. அனுப்புதல்

மின்னஞ்சலின் தலைப்பில் நிகழ்ச்சியின் பெயர், மாவட்டம், விஷயம். அவ்வளவு போதும். கடிதத்தின் கீழே முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண். அவர்கள் எடுத்து உறுதிப்படுத்த அது வேண்டும். பெயரை வாசிக்க வேண்டாம் என்றால், "தொடர்புக்கு மட்டும், ஒளிபரப்ப வேண்டாம்" என்று அதற்கு மேலே தனி வரியில் எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது கைபேசியைப் படுக்கையாகப் பிடியுங்கள், தொலைக்காட்சித் திரை படுக்கையானது. பிள்ளைகளின் முகம் தெரியாமல் எடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இல்லையென்றால் படத்தின் தரம் இறங்கிவிடும்.

தபாலிலும் ஒரு பிரதி அனுப்பினேன், பதிவுத் தபாலில். 2022இல் சாதாரணக் கடிதத்தின் முத்திரையே 15 ரூபாயில் இருந்து 50 ஆனது, பதிவுக்கு அதற்கு மேலும் போகும். ஆனாலும் கையில் ஒரு பற்றுச்சீட்டு இருக்கிறது. அனுப்புநர் பகுதியில் உங்கள் அஞ்சல் குறியீட்டையும் எழுதுங்கள், யாழ்ப்பாணம் என்றால் 40000.

அரச தொலைக்காட்சி, அரச கந்தோர் எதுவானாலும் தமிழில் எழுதத் தயங்காதீர்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்து, தெரியாத மொழியில் தெரிந்த விஷயத்தை மங்க வைக்க வேண்டாம்.

6. காத்திருப்பு

மழைப் பிரச்சினையை மழை முடிந்து தையில் எழுதினால் யாருக்கும் அவசரம் இராது. நான் மூன்றாவதை அனுப்பியது புரட்டாதியில். மூன்று கிழமையில் வாசித்தார்கள். ஐப்பசி நடுவில் இயந்திரத்தோடு வந்து வாய்க்காலில் பாதித் தூரம் மண் அள்ளினார்கள். கடிதத்தால்தான் வந்தார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மிச்சப் பாதிக்கு இப்போது நாலாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பின்சேர்க்கை 1: படம் திறபடவில்லை என்று நிலையத்தில் சொன்னதாக ஒருவர் எழுதியிருந்தார். அவருடையது ஐபோன். அது எச்இஐசி என்ற வகையில் படத்தைச் சேமிக்கும், சில கணினிகளில் அது திறபடாது. அமைப்புகளில் கமராப் பகுதிக்குப் போய், வடிவம் என்ற இடத்தில் 'அதிகப் பொருத்தம்' என்ற பொருள் தரும் தெரிவைப் போடுங்கள். அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆக வரும்.

பின்சேர்க்கை 2: கையால் எழுதலாமா என்று மூத்தவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாக எழுதலாம். என் பெரியம்மா தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர். இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை எழுதிய கை அது. கோடு போட்ட தாளில் ஒரு பக்கம் மட்டும், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுத வேண்டும் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். ஊர், வீதிப் பெயர்களை மட்டும் எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதச் சொன்னார், வாசிப்பவர் தவறாக உச்சரித்தால் அந்த ஊர்க்காரருக்கு மனம் நோகும் என்று. போன கிழமை அவரே ஒரு கடிதம் எழுதித் தந்தார், வைத்தியசாலைக்குப் போகும் காலை பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று. எண்ணிப் பார்த்தேன், 64 சொற்கள். திங்கட்கிழமை தபால் கந்தோரில் பதிந்துவிட்டு, பற்றுச்சீட்டை அவருடைய கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.