காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் சொல்வதைச் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் பதிவுசெய்யும் முறை

வலிந்து காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய், ஆணைக்குழுக்களிடமும் அலுவலகங்களிலும் பலமுறை சொன்னதையே மறுபடியும் முதலிலிருந்து சொல்ல நேரக்கூடாது. ஒருமுறை பொறுமையாகக் கேட்டுச் செம்மையாக எழுத்தாக்கினால், இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் சட்டத்தரணிக்கும் அதனையே கொடுக்கலாம்.

முதலில் படிவத்தை வடிவமையுங்கள். யாழ்ப்பாணத்தின் செம்மணி சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழியிலிருந்து 2025இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஆடைகளும் பொருட்களும் அடையாளம் காண்பதற்காக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதை நினைவில் கொண்டு, கடைசியாக உடுத்திருந்த உடை, கையில் கொண்டுபோன பொருள், பற்களின் அமைப்பு, பழைய எலும்பு முறிவு ஆகியவற்றுக்குத் தாராளமான இடம் விடுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். பதிவை யார் யார் பார்க்கலாம் என்பதற்குத் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். அதை எப்போதும் மீளப் பெறலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒலிப்பதிவை எழுத்தாக்க, 2022இல் வெளியான விஸ்பர் என்ற இலவச மென்பொருளை இணையத் தொடர்பற்ற மடிக்கணினியிலேயே இயக்கலாம். சாட்சியத்தை எந்த இணையவழி உரையாடல் செயலியிலும் ஏற்றாதீர்கள். பெயர் சொன்னவரின் பாதுகாப்பு அதில்தான் தங்கியுள்ளது.

மிகுந்த நேரம் செலவிட வேண்டியது சரிபார்ப்பதில். மௌனம் நீளும் இடங்களில், சொல்லப்படாத வாக்கியங்களை விஸ்பர் தானாகவே எழுதிவிடுவதுண்டு. அழுகையும் தயக்கமும் நிறைந்த சாட்சியத்தில் இது பேராபத்து. நம் ஈழத்துப் பேச்சிலுள்ள ‘உவன்’, ‘உவர்’, ‘உந்த’ என்ற, அண்மைக்கும் சேய்மைக்கும் இடைப்பட்டதைக் காட்டும் சுட்டுகள் ‘அவன்’, ‘இவர்’, ‘இந்த’ என்று மாறினால், யாரை எங்கே கண்டார் என்பதே மாறக்கூடும். வட்டுவாகல், ஓமந்தை, நாவற்குழி போன்ற ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக ஒலியோடு ஒப்பிடுங்கள். தாயின் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்க வேண்டாம். சரிபார்ப்பை இந்த மண்ணின் பேச்சில் வளர்ந்தவரே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திருத்திய படியைத் தாய்க்கு முழுமையாக வாசித்துக் காட்டி, அவர் ஏற்ற பின்னரே சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசியாக்குங்கள். மூல ஒலிக்கோப்பின் எஸ்எச்ஏ-256 குறியீட்டை (கோப்பின் கைரேகை போன்றது; கணினியே கணித்துத் தரும்) அன்றைக்கே கணித்துத் திகதியுடன் கொப்பியில் எழுதுங்கள்; கோப்பில் பின்னர் சிறு மாற்றம் நேர்ந்தாலும் அந்த 64 எழுத்துகள் ஒத்துவரமாட்டா. ஒரு பிரதி குடும்பத்திடமே இருக்கட்டும்.