கேஸ் கத்தி எந்த வருஷத்துதுன்னு புள்ளிய எண்ணியே சொல்லிடலாம்

பழைய அமெரிக்கன் பாக்கெட் கத்தி வாங்குறப்போ விக்கிறவங்க சொல்ற வருஷத்த அப்படியே நம்பிடாதீங்க. பென்சில்வேனியா பிராட்ஃபோர்டுல செய்ற கேஸ் (Case) கம்பெனி கத்தின்னா, பிளேட முழுசா திறந்து, அது கைப்பிடியோட சேர்ற இடத்துல இருக்கிற முத்திரைய லென்ஸ் வச்சு பாருங்க. 1965-69 முத்திரைல 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' (CASE XX)ங்கிற கம்பெனி பேருக்கு கீழ யு.எஸ்.ஏ. மட்டும்தான் இருக்கும், 1970ல அதுக்கும் கீழ 10 புள்ளி சேர்த்தாங்க, அப்புறம் வருஷா வருஷம் ஒண்ணு ஒண்ணா குறைச்சுட்டே வந்து 1979ல ஒரே ஒரு புள்ளி, அதனால 1980ல இருந்து புள்ளிய கழிச்சா வருஷம் வந்துடும். ஆனா 1980கள்லயும் இதே மாதிரி புள்ளி வச்சாங்க, அதுல CASEங்கிற பேர்ல வர்ற 'எஸ்' எழுத்து மின்னல் கீத்து மாதிரி வளைஞ்சிருக்கும், அத கண்டிப்பா பாத்துக்கோங்க.

பிளேடுல இருக்கிற நம்பரும் முக்கியம். 6254ன்னா 6 எலும்பு கைப்பிடி, 2 பிளேடு, 54 டிராப்பர் (Trapper)ங்கிற மாடல். 5ல ஆரம்பிச்சா மான்கொம்பு. நம்பர் 6ல ஆரம்பிச்சு கைப்பிடி மான்கொம்பா இருந்தா, பின்னாடி யாரோ மாத்திட்டாங்கன்னு நல்லாவே சந்தேகப்படலாம்.

தயவுசெஞ்சு பஃபிங் வீல்ல வச்சு பளபளப்பாக்காதீங்க, முத்திரை தேஞ்சு விலையும் விழுந்துடும். துணில லேசா மினரல் ஆயில் தொட்டு துடைச்சாலே போதும்.