பழைய போட்டோக்கள் திரையில் மெல்ல நகர

லினக்ஸில் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் (xscreensaver) என்ற திரைக்காப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள ஜிஎல்ஸ்லைடுஷோவை (glslideshow) தனியாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு படத்தையும் மெல்ல நகர்த்தி, பெரிதாக்கி, அடுத்த படத்தோடு கரைத்துவிடும்.

டெர்மினலில் பெயரை மட்டும் அடித்தால் பெரும்பாலும் "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்றுதான் பதில் வரும். பயப்பட வேண்டாம். அது வழக்கமான இடத்தில் இருக்காது. டெபியன், உபுண்டுவில் யுஎஸ்ஆர் (usr) அடியில் லிப்எக்ஸெக் (libexec) அல்லது லிப் (lib) என்ற ஃபோல்டருக்குள் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள்தான் இது. அந்த முழுப் பாதையோடு அடித்தால் ஒரு ஜன்னலில் ஓடத் தொடங்கும்.

அப்புறம், போட்டோவுக்குப் பதில் உங்கள் டெஸ்க்டாப்பே நகர்ந்தால், எக்ஸ்ஸ்கிரீன்சேவர் செட்டிங்ஸில் படங்கள் உள்ள ஃபோல்டரைக் காட்டவில்லை என்று அர்த்தம். அதைக் காட்டி, அதிலிருந்து படம் எடுக்கும்படி டிக் செய்யுங்கள்.

வேகம்தான் முக்கியம். தானாக ஒரு படம் 30 விநாடி நிற்கும், ஒரு நகர்வு 6 விநாடியில் முடிந்துவிடும். குடும்பப் படங்களுக்கு இது ரொம்ப அவசரம். நான் டூரேஷன் (ஒரு படம் நிற்கும் நேரம்) 60, பேன் (ஒரு நகர்வின் நேரம்) 20, ஃபேடு (கரையும் நேரம்) 4 விநாடி என்று கொடுக்கிறேன். தாத்தா வீட்டுத் திண்ணையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில், ஓரத்தில் நிற்கும் அத்தையின் முகம் வரை கண் நிதானமாகப் போகிறது. ஸூம், அதாவது படத்தில் குறைந்தது எத்தனை சதவீதம் திரையில் தெரிய வேண்டும் என்பது, தானாக 75. 90 ஆக்கினால் குழுப் படங்களில் தலைகள் அவ்வளவாக வெட்டுப்படாது.