மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா? மருந்தை அப்புறம் பார்க்கலாம்

தொட்டி மீன் சோர்ந்ததும் கடைக்கு ஓடி மெத்திலீன் ப்ளூ என்ற அந்த நீல மருந்தை வாங்கி ஊற்றாதீர்கள். ஒரு மீன் மட்டும் படுத்தால் நோயாக இருக்கலாம், ஆனால் எல்லாம் ஒரே நாளில் மேலே வந்து மூச்சு வாங்கினால் பெரும்பாலும் தண்ணீர்தான் கெட்டிருக்கும்.

சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். மீன் கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 இருக்க வேண்டும், நைட்ரேட் 40 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) இருந்தால் சரி. பிஹெச்சையும் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பாருங்கள், அது 8-ஐத் தாண்டினால் அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷம். செவுள் பழுப்பாகத் தெரிந்தால் நைட்ரைட் மேல் சந்தேகப்படுங்கள்.

நான் ஒருமுறை ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் பளிச்சென்று கழுவிப் போட்டேன், அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா எல்லாம் குளோரினில் செத்து, மூன்றாம் நாள் அம்மோனியா ஏறி, கிட் குப்பியில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக நின்றது. இப்போது தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து அதில்தான் பிழிகிறேன்.

அளவு ஏறியிருந்தால் தினமும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், ஆன்டி குளோரின் போட்டு. இரண்டு நாள் தீனி வேண்டாம், பட்டினியில் சாகாது.

கிட்டில் எல்லாம் சரி, விடியற்காலையில் மட்டும் மூச்சு வாங்குகிறதா? செடி நிறைந்த தொட்டியில் இரவில் ஆக்ஸிஜன் குறையும். சத்தம் என்று ஏர் பம்பை அணைத்துவிட்டுத் தூங்குகிறீர்களா, பாருங்கள்.